டிக் சத்தம் வராத ஜன்னல்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கே ஒரு கார்தான் இருந்தது. அது என் மாமாவுடையது. ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவர், ஊரைவிட்டுப் போன ஒரு கப்பல் கம்பெனி அதிகாரியிடமிருந்து அந்த வெளிநாட்டு வண்டியை வாங்கியிருந்தார். அம்மாவைவிட இரண்டே வயது இளைய வண்டி. ஆனால் பட்டனை அழுத்தினால் ஜன்னல் கண்ணாடி தானாக ஏறி இறங்கும். அதற்காகவே தெருப் பிள்ளைகள் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

பின்சீட்டில் இடதுபக்கம் என் இடம். அந்த ஜன்னல்தான் வாராவாரம் மக்கர் செய்தது. சுவிட்சுக்கு அடியில் லூஸ் கனெக்‌ஷன். ஏசி இல்லாத வண்டியில், இறங்காத கண்ணாடிக்குப் பின்னால் நான் வெந்துகொண்டிருப்பேன். இது சரியானதும் எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போவதாக மாமா சொல்லியிருந்தார். அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் டோல்கேட் கடைத்தெருதான்.

அங்கே ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. கடைக்காரருக்கு இடுப்புவலி வந்த பிறகு அவர் மகள்தான் வேலை பார்த்தார். முதல் தடவை அந்த அக்கா நான்கு கதவுகளின் சுவிட்சையும் கழற்றி, உள்ளே இருக்கும் பின்களை உப்புத்தாளால் தேய்த்து, பிளக்கை மறுபடி சொருகினார். மூன்று கதவுகளில் பிளக் 'டிக்' என்று உட்கார்ந்தது. அவை அதற்கப்புறம் தொந்தரவே தரவில்லை. என்னுடையதை மட்டும், அன்றும் சரி, அதற்குப் பிறகு வந்த வாரங்களிலும் சரி, பாதி சொருகி மூடிவிடுவார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிற எனக்குத் தெரியாதா? பெரியவர்களைக் குறை சொன்னால் அம்மாவிடம் அடி விழும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

"இன்னாங்க, மறுபடியும் புட்டுகிச்சா?" என்பார் அக்கா.

"ஆமாங்க, அப்டியே நின்னுகினு கீது" என்பார் மாமா.

அவ்வளவுதான் பேச்சு. டன் கணக்கில் சரக்கு தூக்குகிற மனிதருக்கு அதற்குமேல் ஒரு சொல் தூக்க வராது. இஸ்திரி போட்ட சட்டையோடு பானட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அக்காவின் மனசில் தான் இருக்கிறோமா இல்லையா என்பது தெரியாமல் மனிதர் தவித்துப்போயிருந்தார்.

இதற்குள் அம்மா வியாசர்பாடியில் தன் தம்பிக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டாள்.

"டேய், நாலு மணிக்குப் பொண்ணு பாக்கப் போறோம். அந்த ஜன்னல காலையிலயே சரி பண்ணிக்கினு வந்துடு. எம் பட்டுப்பொடவ வேர்வையில நாறிப்பூடும்" என்றாள்.

அன்று கடையில் மாமா மட்கார்டைப் பார்த்துச் சொன்னார். "கொஞ்சம் நல்லா பாத்துக் குடுங்க. சாய்ந்திரம் பொண்ணு பாக்கப் போறோம்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் பின்களைத் தேய்த்தார். பிறகு பிளக்கை அழுத்தித் தள்ளினார். டிக். "இனிமே இதுக்காக நீங்க வர வேணாம்" என்றார்.

திரும்பும் வழியில் முகத்தில் காற்று அடித்தது. சந்தோஷத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, அந்தக்கா இன்னிக்குத்தான் ஒழுங்கா வேல செஞ்சாங்க. எப்பவும் பாதிதான் சொருகுவாங்க. இன்னிக்கு டிக்னு சத்தம் கேட்டுது."

வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த டிரைலர்காரன் திட்டிக்கொண்டே போனான்.

"எப்பவுமா? நல்லா பாத்தியா, பாப்பா?"

"எல்லா வாரமும்."

மாமா வண்டியைத் திருப்பினார். இத்தனை வாரம் ஏமாற்றியதற்குச் சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்து, சாட்சி சொல்ல நானும் தயாரானேன். அவரோ கடை வாசலில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, அந்த சுவிட்சைத் தானே நெம்பி எடுத்து, பிளக்கைப் பிடுங்கி அக்காவிடம் காட்டினார்.

"மறுபடியும் புட்டுகிச்சுங்க" என்றார்.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

வியாசர்பாடிக்கு நாங்கள் போகவில்லை. அடுத்த ஞாயிறு எண்ணூருக்குப் போனோம், அக்காவும் அவர் அப்பாவும் கூட. என் ஜன்னல் இறங்கவில்லை. வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒழுங்காக மாட்டியிருந்ததை எதற்குப் பிடுங்கினார் என்று கேட்டதற்கு, முன்சீட்டில் அக்கா மறுபடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், மாமா காலி ரோட்டில் ஹாரன் அடித்தார்.