மேல்மாடியில் மகள்

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு பழைய அரண்மனை. தரையில் கீறல் விழாமலிருக்க, காலணிக்கு மேலேயே மாட்டிக்கொள்ள, டிக்கெட்டோடு கம்பளிச் செருப்பு தருகிறார்கள். சேலைக்கு மேல் கோட்டு போட்ட யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மட்டும் காலணியைக் கழற்றிக் கையில் எடுக்கிறார்.

“போட்டுக்கிட்டே போகலாம்மா,” என்கிறேன்.

“மகளின்ட வீடு, தம்பி. சப்பாத்தோட உள்ளுக்குப் போக ஏலாது.”

ஆட்சி போயும் பட்டம் போகாத இந்தக் குடும்பத்து இளவரசரை மணந்த மகள், மேல்மாடியில் வசிக்கிறாளாம்.

“அப்புறம் ஏன் டிக்கெட்?”

“அவையளைப் பார்க்க முதலே டெர்மின் எடுத்து நேரம் குறிக்கவேணும். எனக்கு வாற கிழமைதான் தந்தவை. மனம் கேக்கேல்லை.”

வழிகாட்டி முன்னோர்களின் ஓவியங்களை விளக்குகிறார். தலைக்கு மேலே ஹீல்ஸ் சத்தம் டக்டக்கென்று குறுக்கே போகிறது. அந்த அம்மா அண்ணாந்து பார்க்கிறார்.

“சப்பாத்தோட நடக்கிறாள்,” என்கிறார்.