கேத்தரின் வாங்கிட்டு வந்த மீட்டர்

ஜோகுபாளையம் கேத்தரினுக்குப் பகல் பன்னெண்டு ஆனாலே கண்ணு கடிகாரத்துலதான். இருபத்திரெண்டு பேருக்குச் சமைச்சு, கேரியர்ல அடைச்சு, எலக்ட்ரிக் வண்டியில வச்சு இந்திராநகர்ல ஒரு ஆபீசுக்குக் கொண்டு போறா. ரெண்டு வருஷமா இதான் பொழப்பு. வீட்டுக்காரர் ஆண்ட்ரூ பெயின்டர், வேலை இருந்தாத்தான் உண்டு.

போன வாரம் ரெண்டு தடவை மேடு ஏறறப்ப வண்டி பொட்டுனு நின்னுச்சு. சோறு போய்ச் சேர மணி ரெண்டாச்சு. ஆபீசுல சாப்பாட்டைப் பாத்துக்கற ஆஞ்சலா நேராவே சொல்லிட்டா: "இன்னொரு வாட்டி லேட்டானா வேற ஆளப் பாத்துக்குவோம்."

ஆடுகோடி மெக்கானிக் உத்தமன் வண்டிய ஓட்டிப் பாத்துட்டு, "பேட்டரி போச்சுக்கா. விட்டுட்டுப் போங்க, நாலு நாளாகும்"னான். கேத்தரினுக்கு மனசு ஒப்பல, வண்டியத் திருப்பிக் கொண்டாந்துட்டா. விட்டுட்டு வந்தா பேட்டரிக்குள்ள இருக்கற நல்ல செல்லை உருவிக்குவானுங்கன்னு தெருவே பேசுது.

"அவன் சொன்னா வேதவாக்கா? ஒரு மீட்டர் வாங்கி நானே பாத்துக்கறேன்"னு, எலக்ட்ரிக் சாமான் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறிட்டா.

கடைக்காரர் வோல்ட் பாக்கற மீட்டர் மூணு எடுத்து வச்சார். முதல் மீட்டர்ல ஒயரோட ரெண்டு முனையையும் ஒட்டிப் பாத்தா, சத்தமே வரல.

"பீப் இதுல வராதும்மா."

"கண்ணை மீட்டர்ல வைக்கறதா, ஒயர்ல வைக்கறதா? ஒயர் அறுந்திருக்கான்னு காதுக்குக் கேக்க வேணாமா?"

அடுத்தது ஒயரைப் புடிக்கற மாதிரி பெருசா கவ்வி வச்சது. "இது வீட்டு கரண்டைத்தான் கவ்விப் பாக்கும். பேட்டரி கரண்டுக்கு ஆகாது"ன்னார்.

"அப்ப கவ்வி எதுக்கு, துணி காயப் போடவா?"

மூணாவது ஒண்ணுதான் தேறுச்சு. பீப் கேட்டுச்சு, ஒயர் சொருகற எல்லா ஓட்டைக்கும் உள்ள ஃப்யூஸ் இருந்துச்சு. முருங்கைக்காயை முறுக்கிப் பாக்கற மாதிரி ஒயரையும் முறுக்கிப் பாத்துட்டு வாங்கினா.

வீட்டுக்கு வந்து, சார்ஜ் ஏத்தின பேட்டரியில சிவப்பு, கறுப்பு பாத்து முனைய வச்சா. அம்பத்திமூணு. வண்டியோட ஃப்யூசுக்கு பீப் வந்துச்சு, பிரேக் சுவிட்சும் சரியா இருந்துச்சு.

"நாப்பத்தெட்டு வோல்ட் பேட்டரிங்க இது. அம்பத்திமூணு காட்டுது. போச்சாம்ல, போச்சு."

"சண்டைக்கு நிக்காத கேத்தி. என்னன்னு கேட்டுக்க"ன்னார் ஆண்ட்ரூ.

"நீங்க பேசாம வண்டியத் தள்ளிட்டு வாங்க."

சனிக்கிழமை சாயங்காலம் உத்தமன் கடையில மூணு பேர் நின்னுட்டிருந்தாங்க. அவங்க காதுல விழற மாதிரியே கேட்டா: "நல்ல பேட்டரிய செத்துப்போச்சுன்னு சொல்லி எத்தனை பேர் தலையில மொளகா அரைச்ச?"

உத்தமன் கையத் தொடச்சுக்கிட்டே வந்தான். "மீட்டர் நல்ல மீட்டர்தான்கா. நிக்கற வண்டியில பாத்தீங்க. இழுக்கறப்ப பாத்தீங்களா?"

வண்டியோட முன் டயரை செவுத்துல முட்டி நிறுத்தினான். "நீங்களே முனையப் புடிங்க. அண்ணே, ஏறி உக்காந்து மெதுவா ஆக்சிலேட்டரை முறுக்குங்க."

ஆண்ட்ரூ முறுக்கினார். அம்பத்திமூணு நாப்பத்தாறாச்சு, நாப்பதாச்சு, முப்பத்தெட்டு. வண்டி அடங்கிப்போச்சு. விட்டதும் மறுபடி அம்பதுக்கு ஏறுச்சு. இன்னொரு தடவை முறுக்கச் சொன்னா. அதேதான்.

"சும்மா உக்காந்திருந்தா எல்லாரும் பயில்வான்தான்கா. மூட்டையத் தூக்கச் சொன்னாத்தான் தெரியும்"னான் உத்தமன்.

நின்னுட்டிருந்த மூணு பேர்ல ஒருத்தன் சிரிச்சான். கேத்தரினுக்குக் காது சுட்டுச்சு. முனைய எடுத்தா.

"நாலு நாள்ல ஆயிடுமா?"

"கெட்ட செல்லை மாத்தணும். புதுசு வந்தா ஆயிடும்." மார்க்கர் ஒண்ண எடுத்து நீட்டினான். "உருவிடுவேன்னு பயம்தானே? மூடியக் கழட்டறேன். செல் மேல பேர் எழுதிட்டுப் போங்க."

கேத்தரின் மார்க்கரை வாங்கிக்கிட்டா. பாத்திரத்துக்குப் பேர் வெட்டற மாதிரி ஒவ்வொண்ணுலயும் 'கே' போட்டா. அவன் அவ மூஞ்சியப் பாக்காம டார்ச் காட்டிட்டு நின்னான்.

வெளிய வந்து ஆஞ்சலாவுக்கு போன் போட்டா. "மேடம், வண்டி ரிப்பேர். நாலு நாள் பஸ்லதான் வரணும். வர ஒரு மணி ஆயிடும்."

"ஒரு மணிக்கு இங்க மீட்டிங் இருக்கு கேத்தரின்."

"தெரியும் மேடம்."

"திங்கக்கிழமை பன்னெண்டரைக்குள்ள வரப் பாருங்க. மத்த நாளுக்கு நான் வேற இடத்துல கேட்டுட்டுச் சொல்றேன்."

"என்ன சொல்றா?"ன்னார் ஆண்ட்ரூ.

"திங்கக்கிழமைக்குச் சமைக்கச் சொல்றா."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்றாளாம். திங்கக்கிழமை நீங்க வேலைக்குப் போகாதீங்க. பஸ்ல நான் ஒருத்தியா இத்தனையும் தூக்க முடியாது."