புதன்கிழமை மூன்று மணிக் கூட்டம்

என் வகுப்புக் கவிதாவின் அம்மா பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இன்று ஸ்ரீபெரும்புதூர் பேருந்தில் கம்பெனிச் சீருடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொண்ணு நல்லா படிக்குதா டீச்சர்?"

"கூட்டத்துக்கு வந்திருந்தா சொல்லியிருப்பேனே" என்றேன் வெடுக்கென்று.

"புதன்கிழமை மூணு மணிக்கு வெக்கிறீங்க. அப்போ கம்பெனி லைன்ல வேலைல நின்னுகினு இருப்பேன். ஞாயித்துக்கிழமை வெச்சா வூட்டுக்காரரையும் இட்டுகினு வரேன்."

"ஞாயிறு எங்களுக்கு லீவாச்சே!"

"எங்களுக்கும் அன்னிக்குத்தான் டீச்சர் லீவு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கூட்டப் பதிவேட்டில் 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று மூன்று முறை எழுதியவள் நான்.

மண்ணூரில் இறங்கிய பிறகுதான் உறைத்தது: கவிதா நன்றாகப் படிக்கிறாள் என்று நான் சொல்லவே இல்லை.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லி நாளை தலைமையாசிரியரிடம் கேட்கப்போகிறேன். சக ஆசிரியர்களே, திட்டுவதென்றால் இங்கேயே திட்டிவிடுங்கள்.