சீனித்தாய் வைத்த அறுபது

அம்புரோசுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. புன்னைக்காயல்காரர். பதினெட்டு வருடம் கப்பலில் எலக்ட்ரீசியனாக ஓடிவிட்டு, இப்போது தூத்துக்குடியில் வாஷிங் மிஷின், டிரையர், ஐஸ் மிஷின் என்று எது கெட்டாலும் ஸ்கூட்டரில் போய் நிற்கிறார். ஒரு வேலையில் கை இருக்கும்போதே மனசு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடும். மனைவி அல்போன்சா சோறு போட்டால், பாதி தின்றபடியே செருப்பைத் தேடுகிற ஆள். கடலில் அதற்குக் கெட்டிக்காரன் என்று பெயர். எது கெட்டாலும் ஒட்டுப்போட்டு அடுத்த துறைமுகம் வரை ஓட்டினால் போதும். கரையில் அடுத்த துறைமுகம் கிடையாது என்பதுதான் மனுஷனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

அன்று காலை ஜெபசுதா போனில் கூப்பிட்டார். துறைமுகத்துக்கு வெளியே சலவை நிலையம் நடத்துபவர். கப்பல்களிலிருந்து வரும் விரிப்பு, துண்டு, சீருடை எல்லாவற்றையும் அங்கேதான் துவைத்து உலர்த்துவார்கள்.

"அண்ணாச்சி, ஓடி வாங்க. நேத்து சாயங்காலம் போட்ட கேப்டன் சட்டை நாலும் கருகிப் போச்சு."

அம்புரோஸ் போனபோது, துணி உலர்த்தும் டிரையரைக் கவனித்துக்கொள்ளும் சீனித்தாய் டிபன் பையைக் கையில் பிடித்தபடி வாசலோரம் நின்றிருந்தாள்.

"பன்னெண்டு வருசமா இந்த வேல பாக்கா, சூடு வைக்கத் தெரியல" என்றார் ஜெபசுதா. "மூணு வாரமா துண்டு மஞ்சளாகிட்டு வந்துச்சு. பொறுத்தேன். இப்பச் சட்டை. இனிமே வராண்டாம்னுட்டேன்."

"நான் அறுபதுலதான் வச்சேன்" என்றாள் சீனித்தாய்.

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா?"

அம்புரோசுக்கு இந்தச் சண்டையெல்லாம் காதில் விழுந்ததோடு சரி. தருவைகுளத்தில் ஒரு ஐஸ் மிஷின் காத்திருந்தது. டிரையரின் பஞ்சு வடிகட்டியை உருவிப் பார்த்தார், சுத்தம். காற்று வெளியேறும் குழாயில் கைவிட்டுப் பார்த்தார், அடைப்பில்லை. "உப்புக் காத்துதான்" என்றார். இந்த ஊரில் எந்த மிஷினுக்கும் அது பொருந்தும். பிறகு சுவிட்சைப் போட்டார்.

இரவெல்லாம் சும்மா கிடந்த மிஷின். உள்ளே கையை விட்டால் சூடே இல்லை. திரையில் ஐம்பத்தெட்டு டிகிரி.

அம்புரோஸ் பின்பக்க மூடியைக் கழற்றினார். சூட்டை அளக்கும் சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் சுற்றிய சின்ன ரெசிஸ்டர். சுற்றியது அவர் கை.

மூன்று வாரம் முன்னால் சென்சார் செத்துப்போனது. புதுசு சென்னையிலிருந்து வர வேண்டும். துணி கொடுத்திருந்த கப்பலோ அன்றே கிளம்புகிறது. எப்போதும் ஐம்பத்தெட்டு என்றே மிஷினை நம்பவைக்கும் அந்த ரெசிஸ்டரைப் போட்டு, பக்கத்திலேயே நின்று தொட்டுப் பார்த்து, கையாலேயே சுவிட்சை அணைத்தும் போட்டும் துணியைக் காயவைத்துக் கொடுத்தார். இரண்டு நாளில் மாற்றிவிடப் போகிறோமே என்று, "புதுசு போட்டாச்சு" என்றும் சொல்லிவிட்டார். சென்சார் வந்தது. அன்றைக்குப் பார்த்து வேறு நாலு வேலை. அது இன்னும் ஸ்கூட்டர் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் கிடக்கிறது. இங்கே மிஷின், அறுபது இன்னும் வரவில்லையே என்று மூன்று வாரமாக விடாமல் காய்ச்சியிருக்கிறது. பருத்தித் துண்டு தாங்கியது. பாலியஸ்டர் சட்டை தாங்குமா?

சென்சாரை எடுத்து வந்தார். ஒரு தம்ளர் வெந்நீர் கேட்டு, அதில் முக்கி, மீட்டரை வைத்துப் பார்த்தார். நல்ல சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை இறங்க வேண்டும்; ஒழுங்காக இறங்கியது. மாட்டினார். திரை முப்பத்தொன்று காட்டியது. மாட்டுகிற நேரத்துக்குள் மனசு வழியும் கண்டுபிடித்துவிட்டது: சீனித்தாய்க்கும் வேலை போகாது, தன் பேரும் போகாது.

"சென்சார் கெட்டுப் போயிட்டும்மா. மாத்திட்டேன். அவ மேல தப்பில்ல."

ஜெபசுதா சிரித்தார். "அண்ணாச்சி, போன மாசந்தான நீங்களே புதுசு போட்டிய? அதுக்குள்ள எப்படிக் கெட்டுப் போவும்? அவளுக்குப் பரிஞ்சு பேசாதிய."

சீனித்தாய் செருப்பை மாட்டினாள். அம்புரோஸ் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. வாசல் வரைக்கும் போனார். அதற்கு மேல் கால் நகரவில்லை. அவமானமாக இருந்தது. திரும்பி வந்து, ரெசிஸ்டரை ஜெபசுதாவின் மேசைமேல் வைத்தார்.

"போன மாசம் நான் புதுசு போடல. இதத்தான் வச்சேன். இது எப்பவும் ஐம்பத்தெட்டுன்னுதான் சொல்லும். சட்டையக் கருக்குனது நான்தாம்மா."

ஜெபசுதா அம்புரோசைப் பார்க்காமலே, "சீனித்தாய்க்கா, பைய உள்ள வையி" என்றார்.

சீனித்தாய் திட்டுவாள் என்று அம்புரோஸ் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். அவள் மேசைக்கு வந்து, அந்தச் சின்னப் பொருளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கண்ணு போயித்தான் எண்பதுல வச்சிட்டேன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றாள். "ஆறு எது, எட்டு எதுன்னு மவள எழுதச் சொல்லித் தெனமும் வாசிச்சுப் பாத்தேன்."