மாப்பிள்ளைக்கு விட்ட எலுமிச்சை

மனைவி இருந்தாள். வல்லத்தில் கட்டிக்கொடுத்த பெரிய மகள் இருந்தாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, இருந்தார். சின்ன மகள் இருந்தாள். நான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, என் பஞ்சர் கடை லீவு.

சின்னவள் செஞ்சியில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அட்டையை வெட்டி, படம் வரைந்து, சீட்டாட்டம் ஒன்று செய்திருந்தாள். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கடைகள்தான் ஆட்டம். எலுமிச்சை, பொரி, வளையல், டீ. எனக்குப் படிப்பு குறைவு. படம் போதும்.

ஆளுக்கு ஏழு சீட்டு. ஒன்றை எடுத்து எல்லோரும் பார்க்கத் தன் முன்னால் வைத்துக்கொண்டு மீதியை இடப்பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். வலப்பக்கம் இருந்து வருவதில் ஒன்று எடுக்க வேண்டும். தீரும்வரை இப்படியே. ஒரே படம் மூன்று சேர்ந்தால் பத்து. சேராத சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

மெட்ராஸில் ஒரு கம்பெனி, ஆட்டம் சரியாக ஓடினால் வாங்கிக்கொள்கிறோம் என்றிருந்தது. மறுநாள் அனுப்ப வேண்டும். "இது போவலன்னா எப்பவும் ஜெராக்ஸ்தான் நைனா" என்றாள்.

நாங்கள் நாலு பேரும் ஆடினோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

முதல் ஆட்டம் மாப்பிள்ளை இருபத்தொன்று எடுத்து ஜெயித்தார். இரண்டாவதும் அவர்தான். மூன்றாவதும்.

"பாத்தியா?" என்று பெண்டாட்டியிடம் கேட்டு மீசையைத் தடவினார்.

சின்னவள் முகம் செத்துப்போச்சு. "அந்த எடத்துல யாரு குந்தினாலும் ஜெயிப்பாங்க போலக்குது. ஆட்டமே கோணல்." பாயிண்டை அடித்து மாற்றப் பேனாவை எடுத்தாள்.

எனக்கு வேறு ஒன்று தோன்றியது. மாப்பிள்ளைக்குத் தள்ளுகிறவள் என் மனைவி. அவள் கையில் எலுமிச்சை வரும். பார்ப்பாள். விட்டுவிட்டு டீயை எடுப்பாள்.

"எலுமிச்சை ஏன் எடுக்கல?" என்றேன்.

"மாப்ள ரெண்டு வச்சிக்கினு மூணாவதுக்குப் பாத்துக்குனு இருக்காரு. நான் எப்படிங்க எடுக்கறது?"

"யம்மா! இது வெளையாட்டும்மா!" என்றாள் சின்னவள்.

"வெளையாட்டா இருந்தா இன்னா? வந்த மனுசனுக்கு நல்லதா பாத்துத் தள்ள வேணாமா?"

மாப்பிள்ளை சீட்டைக் கீழே வைத்தார். "அத்தே, அப்ப நான் ஜெயிக்கவே இல்லியா?"

"அதுக்குள்ள ஸ்டேட்டஸ் வேற போட்டாச்சி" என்றாள் பெரியவள்.

சின்னவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "மாமா, நீங்க நைனா எடத்துக்குப் போங்க. நைனா, நீ இங்க வா."

இடம் மாறினோம். இப்போது மனைவி எனக்குத் தள்ள வேண்டும். மாப்பிள்ளைக்குப் பெரியவள் தள்ள வேண்டும்.

"பாத்து நல்லதா தள்ளுடி" என்றார் அவர்.

"ஒனுக்கா? ஒரு வளையல் வராது."

மூன்று ஆட்டம் ஆடினோம். ஒன்று பெரியவள் ஜெயித்தாள். ஒன்று மாப்பிள்ளை, யாரும் விட்டுக்கொடுக்காமலே. கடைசி ஆட்டம் மனைவி. நான் பொரி சேர்த்தால் பொரியை எடுத்தாள். வளையலுக்கு மாறினால் வளையலை எடுத்தாள்.

"எனக்கு ஒண்ணு விடக் கூடாதா?"

"நீங்க இன்னா விருந்தாடியா?"

சின்னவள் பேனாவை மூடினாள். அதே இடத்தில் உட்கார்ந்து நான் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. கோணல், ஆட்டத்தில் இல்லை என்றாள். பாயிண்ட் எதையும் மாற்றாமல் சீட்டை டப்பாவில் அடுக்கினாள். அதற்கு முன் கம்பெனிக்குச் சொல்ல என் மூன்று ஆட்டத்தையும் கூட்டினாள்.

இருபத்தெட்டு.