கமெராவுக்குச் சந்தனப் பொட்டு

கொழும்பு முகத்துவாரத்தில் இரும்பு உருக்கி வார்க்கும் பட்டறை ஒன்றில் நான் இன்ஜினியராக இருந்தேன். யுத்த காலம். அந்த நாளில் தமிழன் ஒருவன் வெளிநாட்டுக் கமெரா இறக்க அனுமதி கேட்டால் சும்மா விடுவார்களா? மாதக்கணக்கில் அலைந்தேன். இது ஆளைப் படம் பிடிக்காது, அடுப்பைத்தான் பிடிக்கும் என்று மூன்று மொழியிலும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

உண்மையும் அதுதான். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குப் படாத ஒளியைக் கொண்டு உருகிய இரும்பின் சூட்டைத் தூர நின்றே அளக்கும் கமெரா அது. அது வந்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அதன் கண்ணாடியில் யாராவது கை வைத்தால் சீறி விழுவேன்.

ஆயுத பூசையன்று எல்லா இயந்திரங்களுக்கும் நானே விபூதி பூசிப் பொட்டு வைத்தேன். மறுநாள் உலை கொதித்தது. உலைக்குப் பொறுப்பானவர் மாளிகாவத்தை முஸ்லிம், 'சொல்லு'வைச் 'செல்லு' என்றும் 'இருக்கு'வை 'ஈக்கு' என்றும் பேசுபவர், என் வயதுதான். எட்டிப் பார்த்துவிட்டு, "இரும்பு ரெடி சேர், ஊத்தலாம்" என்றார்.

"இன்னும் நூறு பாகை சூடு வேணும்" என்றேன் நான், திரையைப் பார்த்தபடி.

"இல்ல சேர். நான் செல்லுறன், ரெடி."

இருவரும் விடவில்லை. சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவர் யாழ்ப்பாணத்தார், கோபம் மூக்கு நுனியில். "கமெரா பொய் சொல்லுமே? உமக்குக் கண் மங்கிப் போச்சுது. நாளையிலிருந்து வரத் தேவையில்லை" என்று உலைக்காரரிடம் சொல்லிவிட்டார். உலைக்காரர் கையுறையைக் கழற்றினார்.

நான் வென்றால் ஒருவரின் சோறு போகும் என்று நினைத்திருக்கவில்லை. இன்னொரு தரம் பார்ப்போம் என்று கமெராவுக்கு முன்னால் போனேன். கண்ணாடியின் நடுவில் காய்ந்த சந்தனம், சுற்றிவர விபூதி. கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்ததால் அது படத்தில் தெரியவில்லை, அதனால்தான் ஏமாந்தேன். உள்ளே போகும் ஒளி குறைய, கமெரா சூட்டைக் குறைத்துச் சொல்லியிருக்கிறது.

துடைத்தேன். திரையில் இலக்கம் விறுவிறுவென்று ஏறியது. இரும்பு எப்போதோ தயார்.

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "பிழை என்ர. பொட்டு வச்சது நான்தான்" என்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உலைக்காரரிடம் திரும்பி, "அப்ப இவரை வீட்டை அனுப்பட்டோ? நீரே சொல்லும்" என்றார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

உலைக்காரர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஈக்கட்டும் சேர். கண்ணாடி தொடைக்க ஒராள் வேணுந்தானே."