அக்கா இறுக்கிய மூடி

எண்ணெயில் ஊறிய றப்பரைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அவித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரிக் கொழகொழவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் பிய்ந்து வரும். முறிகண்டிக்குப் போகும் காட்டுத் தெருவோரம், காரின் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அப்படியொரு றப்பர் வளையத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி அத்தான் நின்ற காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பேயறைந்த முகம். தனக்குத் திருத்தத் தெரியாத சாமான் உலகத்தில் இல்லை என்று நம்பியிருந்த மனிதர் அவர். வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தக் கார் எதற்காக வாங்கப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்த குடும்பம். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு அக்கராயனுக்கு வந்துவிட்டார். குளத்துத் தண்ணீரில் நெல், மேட்டு வளவில் கிணறு வெட்டி மிளகாய். அந்தக் கிணற்றில் ஓர் இறைப்பு மிசினும் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தபோது நானும் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். அதற்கு முந்தின மாரியில்தான் அக்காவின் முதற் பிள்ளை போயிருந்தது. வலி கண்டதும் மாட்டுவண்டிலில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மழை, சேறு, சில்லுப் புதைந்துவிட்டது. முறிகண்டி வருமுன்பே எல்லாம் முடிந்துபோனது. அக்கா தப்பியதே பெரிய காரியம். அதைப் பற்றி இருவரும் வீட்டில் கதைப்பதில்லை. அக்கா மறுபடியும் பிள்ளைத்தாச்சியானதும், அத்தான் யாரிடமும் கேளாமல் யாழ்ப்பாணம் போய் ஒரு பழைய கறுப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

கார் வந்த நாளிலிருந்தே எண்ணெய் சொட்டிற்று. சொட்டியது சும்மா நிலத்தில் என்றால் பரவாயில்லை. புகைபோக்குக் குழாயின் மேல் விழுந்து புகைந்தது. எண்ணெய் வற்றினால் எஞ்சின் இறுகிப்போகும், நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான் என்று கார் விற்றவர் எச்சரித்திருந்தார். அடியில் சொட்டுவதால் அடியில்தான் ஓட்டை என்று அத்தான் முதலில் நினைத்தார். இரண்டு நாள் காருக்கடியில் படுத்துக் கிடந்தும் பிடிபடவில்லை. பிறகு எஞ்சினை மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவிட்டு, அக்காவின் முகப்பவுடரை எடுத்து அதன்மேல் ஒற்றினார். மனைவிக்கு ஒருநாளும் பூசிவிடாத பவுடரை எஞ்சினுக்குப் பூசுகிறார் என்று நான் பகிடி பண்ணினேன். எஞ்சினை ஓடவிட்டதும் பவுடரில் ஈரக்கோடு விழுந்தது. கசிவு மேலே இருந்தது. எஞ்சினின் தலையை மூடியிருக்கும் தகர மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு மெல்லிய வளையம் இருக்கும்; காஸ்கெட் என்பார்கள். இரண்டு இரும்பும் பொருந்துகிற இடத்தில் எண்ணெய் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மூடியைக் கழற்றியபோது பழைய காஸ்கெட் காய்ந்த அப்பளமாக நொறுங்கி விழுந்தது.

கிளிநொச்சிக் கடையில் அந்தக் காருக்கான காஸ்கெட் இல்லை. சீமையிலிருந்து கப்பலில் எடுப்பிக்கலாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அத்தான் அசரவில்லை. இறைப்பு மிசினின் குழாய்ப் பொருத்துகளுக்கு அவர் வழக்கமாகப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டித்தான் போடுவார். தோட்டக்காரர் எல்லோரும் அப்படித்தான், வருஷக்கணக்கில் ஒரு சொட்டும் ஒழுகாது. அதே மாதிரி லொறி டியூப் ஒன்றை வெட்டிக் காருக்கும் போட்டார். இரண்டு மூன்று நாள் நிலம் காய்ந்து கிடந்தது. "பாத்தியோ பிள்ளை, கடைக்காரன் வேண்டாம், கப்பலும் வேண்டாம்" என்று என்னிடம் நெஞ்சை நிமிர்த்தினார். அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரிவரை ஓட்டிப் பார்க்கலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்தான் பாதித் தெருவில் புகைக்குள் நின்றார். றப்பர் ஊதிப் பெருத்து, மூடியின் விளிம்பால் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் முழுக்க எண்ணெய். அந்த வழியால் வந்த வண்டில்காரர் ஒருவர் தன் மாடுகளைக் காரின் முன்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். "மாடு பூட்டின காரை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று அவர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. வீட்டுப் படலையடியில் என்னிடம் மட்டும், "அவள் உள்ளுக்கை இருந்திருந்தால்?" என்றார்.

மறுநாள் விடியப் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனார். அங்கே அவருக்குத் தெரிந்த சம்மாட்டியார் ஒருவர் இருந்தார். வலையும் வள்ளமும் வைத்துத் தொழில் செய்த வேதக்காரர். அத்தானின் நெல்லுக்கு அவருடைய கருவாடு என்று பண்டமாற்றில் தொடங்கிய சிநேகம். அவர் அப்போதுதான் எஞ்சின் போட்ட படகு ஒன்றை இறக்கியிருந்தார். கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அத்தான் அவருடைய குரலிலேயே எங்களுக்குச் சொல்லிக் காட்டினார்: "தம்பி, உம்மடை மிசின் தண்ணியோடை புழங்கிறது. தண்ணிக்கு றப்பர் சரி. எண்ணெய் பட்டால் றப்பர் ஊதிப்போடும். எண்ணெய்க்குத் தக்கைதான்." படகு எஞ்சினுக்கென்று வைத்திருந்த தக்கைத் தகட்டில் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறார். ஒன்று போதுமே என்று அத்தான் சொன்னதற்கு, "உம்மடை கையைப் பாத்தால் ஒண்டு காணாது" என்றாராம். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவதாகவும் சொல்லி அனுப்பினார். பிள்ளையார் பக்தரான அத்தான் அதற்கும் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

சம்மாட்டியார் கையைப் பார்த்துச் சொன்னது பலித்தது. மூடியைத் தக்கையின்மேல் கவிழ்த்துப் பென்சிலால் கோடு கீறி, அக்காவின் தையல் கத்தரிக்கோலால் அழகாக வெட்டினார். நட்டுத் துளைகளை உடைந்த குடைக் காம்பைக் கூராக்கி அடித்து எடுத்தார். எல்லாம் அச்சொட்டாகப் பொருந்திற்று. பிறகு, குழாய்ப் பொருத்தை இறுக்குகிற பழக்கத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு நட்டை முறுக்கினார். தக்கை ‘கறுக்’ என்று வெடித்தது. தோட்டக்காரருக்கு இறுக்குவதென்றால் நட்டு இனித் திரும்பாது என்கிற வரைக்கும் முறுக்குவதுதான். மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

அடுத்த நாள் அந்த இரண்டாவது துண்டையும் வெட்டி, வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்து, இடத்தில் வைத்தார். ஸ்பானரைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதைத் திரும்பக் கீழே வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போனார். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தாள். காருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு அவளை இருத்தினார்.

"நீர் இறுக்கும். என்ரை கையை நான் நம்பேலை."

"எனக்கென்ன தெரியும் உதைப் பற்றி?"

"ஊறுகாய்ப் போத்தலை மூடுற மாதிரி. அவ்வளவுதான்."

அக்கா முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அந்த மனிதர் இதைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஸ்பானரை வாங்கிக்கொண்டாள். ஒரு நட்டைக் கொஞ்சம், பிறகு எதிர்ப்பக்கத்து நட்டைக் கொஞ்சம் என்று அத்தான் கைகாட்ட, அவள் மெல்ல மெல்லத் திருப்பினாள். தக்கை விளிம்பில் சற்றே பிதுங்கியதும் "காணும்" என்று அவளே நிறுத்திவிட்டாள். இன்னும் கொஞ்சம் என்று அத்தானின் விரல்கள் துடித்ததை நான் கண்டேன். அவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த அன்பு, அதற்கு முன் வந்ததில்லை. எஞ்சினைக் கன நேரம் ஓடவிட்டோம். கீழே விரித்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே கிடந்தது.

இருந்தாலும் அவருக்குப் பயம் தெளியவில்லை. வலி கண்டது ஒரு காலையில். அக்காவைப் பின்னால் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்கந்தபுரம் சந்தியைத் தாண்டுமுன்பே காரை நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தார். காட்டுத் தெருவில் மறுபடியும். "இனி நிப்பாட்டினியளெண்டால் நான் இறங்கி நடந்து போவன்" என்று அக்கா வலிக்குள்ளும் சீறினாள். அதற்குப் பிறகு முறிகண்டிவரை நிறுத்தவில்லை. அங்கே தெருவோரப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தாமல் எந்த வாகனமும் போவதில்லை என்பதால் அக்காவும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையாருக்கு உடைக்கும்படி தேங்காயை என் கையில் தந்தார். நான் உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. இரண்டு கால்கள் மட்டும் காருக்கடியில் இருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

"பிள்ளையாரை நல்லாத்தான் கும்பிடுறியள்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

"ஒரு சொட்டும் இல்லை" என்றார் அத்தான் கீழேயிருந்து. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அடுத்த வலியும் வந்தது. அந்தக் கடைசித் தூரத்தைக் கார் எப்படி ஓடிற்றோ எனக்குத் தெரியாது. நான் அக்காவின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு அந்தத் தெருவில் தார் போட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் கூப்பிட்டால் அம்புலன்ஸ் வருகிறது. எங்கள் வீட்டு இளசுகள் வண்டியின் மூடியைத் திறந்தே பார்த்ததில்லை. ஒரு விளக்கு எரிந்தால் கராஜுக்குக் கொண்டுபோகிறார்கள். நல்லதுதான். காரை இழுக்க மாடு தேடிய காலத்தை நான் ஒருநாளும் திரும்பக் கேட்கமாட்டேன். அந்தக் காலத்திலிருந்து எனக்குத் திரும்ப வேண்டியது ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும்தான்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் அத்தான் சுவரோடு சுவராக நின்றார். கையில் எண்ணெய்க் கறை, கழுவ மறந்துவிட்டார். வெயில் ஏறியது. உள்ளே ஒரு பிள்ளை அழுத சத்தம் கேட்டது. அது யாருடையது என்று தெரியாமல் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கதவு திறந்து நேர்ஸ் அம்மா வெளியே வந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை" என்றார்.

அத்தான் அதைக் கேட்ட மாதிரியே இல்லை. "தாய்?" என்றார்.

"அவா தேத்தண்ணி கேக்கிறா. போய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

அத்தான் ஓடினார். தேத்தண்ணிக் கடை தெருவுக்கு அந்தப் பக்கம். காரைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டிப் போனார். குனிந்து பார்க்கவில்லை.